கழுத்து ரூபனின் அண்ணன்

சட்டைப் பொத்தானை இப்போது நானே போட்டுக்கொள்கிறேன். மேலிருந்து இரண்டாவதோடு கொஞ்சம் மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது. மற்றவை சொல்வழி கேட்கின்றன. கழுத்தைச் சுற்றியிருந்த பட்டையையும் போன கிழமை கழற்றிவிட்டார்கள். இனி எழுதலாம் என்று தோன்றியதால், இரண்டு விரல்களால் தட்டித் தட்டி இதை எழுதுகிறேன்.

கழுத்துக்கு என்ன நடந்தது என்று பலரும் கேட்கிறார்கள். கேட்கும்போது சிலருடைய வாயோரத்தில் ஒரு சிரிப்பு எட்டிப்பார்க்கிறது. அந்தச் சிரிப்பை எனக்கு நன்றாகத் தெரியும். பல வருடங்கள் அதை என் முகத்தில்தான் வைத்துக்கொண்டு திரிந்தேன். ஆகவே நோயைப் பற்றி மட்டும் சொல்லிவிட்டுப் போக முடியாது.

முதலில் என் தொழில். நியூசிலாந்தில், எல்லர்ஸ்லி என்ற இடத்தில், ஒரு வாகனக் காப்புறுதி அலுவலகத்தில் வேலை செய்கிறேன். இடிபட்ட கார்களின் படங்கள் என் திரைக்கு வரும். எது புது அடி, எது பழைய கீறல், யாருடைய கதை படத்தோடு ஒத்துவரவில்லை என்று பிரிப்பது என் வேலை. பம்பரைப் பார்த்தே ஆளின் பொய்யைச் சொல்லிவிடுவேன் என்று அலுவலகத்தில் எனக்குப் பெயர். அந்தப் பெயரில் எனக்குப் பெரிய பெருமையும் இருந்தது.

அடுத்தது என் தம்பி ரூபன். டொரொன்டோவில் இருக்கிறான். அங்கே யாராவது பின்னால் வந்து காரை இடித்தால், உடம்புக் காயத்துக்காக இடித்தவர்மீது வழக்குப் போடலாம். ரூபனின் காரை இரண்டு தடவை பின்னாலிருந்து இடித்தார்கள். இரண்டு தடவையும் காருக்குப் பெரிய சேதமில்லை. இரண்டு தடவையும் அவனுக்குக் கழுத்து நோ. இரண்டு தடவையும் ஒரு லோயர், ஒரு வழக்கு, கடைசியில் கொஞ்சக் காசு. அவன் அனுப்பிய படங்களை நான் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "இந்த இடிக்கு ஒரு நுளம்பும் செத்திருக்காது," என்றேன். எங்கள் சொந்தத்தில் ரூபன் என்று இரண்டு பேர். மற்றவன் கட்டையாக இருப்பதால் கட்டை ரூபன். இவனுக்கு நான்தான் பட்டம் தெளித்தேன்: கழுத்து ரூபன். இலண்டனிலும் சிட்னியிலும் இருக்கும் சொந்தக்காரர்கள்கூட இன்று அப்படித்தான் சொல்கிறார்கள். குடும்ப வாட்ஸ்அப்பில் அவன் கழுத்தைப் பற்றி நான் போட்ட பகிடிகளுக்கு அவனும் சிரிக்கும் முகம் போட்டிருக்கிறான்.

நியூசிலாந்தில் இந்த வழக்குக் கதை கிடையாது. விபத்தில் காயப்பட்டால், யார் பிழை என்று பாராமல், அரசாங்கமே வைத்தியத்தையும் பார்க்கும்; வேலைக்குப் போக முடியாவிட்டால் சம்பளத்தில் பெரும்பகுதியையும் தரும். பதிலுக்கு, இடித்தவரைக் காயத்துக்காகக் கோர்ட்டுக்கு இழுக்க முடியாது. என் தொழிலில் இருப்பவனுக்கு இது அரிச்சுவடி.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை, வேலை முடிந்து பிளாட் புஷ்ஷில் இருக்கும் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். ரவுண்டபௌட்டில் வழிவிட நின்றபோது காரின் பின்னால் டொக்கென்று ஒரு சத்தம். என் தலை ஒருமுறை பின்னால் வெட்டி முன்னால் வந்தது. தோளிலிருந்து விரல்வரை இரண்டு கைகளிலும் மின்சாரம் பாய்ந்தமாதிரி ஏதோ ஓடி, உடனே நின்றுவிட்டது. இறங்கிப் பார்த்தேன். பம்பரில் ஒரு கீறல், சுண்டுவிரல் நீளம்கூட இல்லை. தொழில் புத்தி அந்த இடத்திலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது: ஒன்றுமில்லை.

பின்னால் நின்ற சிறிய காரிலிருந்து ஒரு இளம்பெண் இறங்கி ஓடிவந்தாள். என் நெற்றித் திருநீற்றைக் கண்டதும் தமிழிலேயே தொடங்கினாள்.

"சார், ஸாரி சார், பிரேக்கை லேட்டா அழுத்திட்டேன். நீங்க தமிழ்தானே சார்? ப்ளீஸ், கேஸ் எதுவும் போட்டுடாதீங்க. எங்க விசா இன்னும் கைக்கு வரல. வீட்டுக்காரருக்கு இப்பத்தான் வேலை கெடச்சிருக்கு."

பெயர் தீபா, சேலத்துப் பெண். வெளிநாட்டில் கார் இடித்தால் வீடு வாசல் விற்றுக் கட்ட வேண்டும் என்று யாரோ அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டியது ஒரே ஒரு வசனம்: இந்த நாட்டில் அப்படிக் கேஸ் போட முடியாது, பயப்படாதே. நான் அதைச் சொல்லவில்லை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "பயப்பிடாதேங்கோ பிள்ளை. நான் அந்த மாதிரி ஆள் இல்லை," என்றேன்.

அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். சட்டம் ஏற்கெனவே அவளுக்குக் கொடுத்திருந்ததை என் பெருந்தன்மைபோலக் கொடுத்துவிட்டு, அந்தக் கும்பிடையும் வாங்கிக்கொண்டு வீடு வந்தேன். இன்றைக்கு நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. மனைவி வதனி கீறலைப் பார்த்துக் கேட்டபோது, "சுப்பர்மார்க்கெட்டிலை ஆரோ ட்ரொலியாலை இடிச்சுப்போட்டாங்கள்," என்றேன்.

சில நாட்களில் விரல் நுனிகள் எரியத் தொடங்கின. பச்சை மிளகாய் நறுக்கிய கையைக் கழுவாமல் விட்டதுபோன்ற எரிச்சல். போர்வை பட்டாலே சுள்ளென்றது. கைகளைப் போர்வைக்கு வெளியே போட்டுக்கொண்டு படுத்தேன். பிறகு பொத்தான் பிடிபடவில்லை. பிறகு சாவி. பிறகு சோறு. குழைத்த சோறு விரல்களுக்கிடையால் தட்டிலேயே விழுந்தது. ஒரு நாள் கரண்டி கேட்டேன்.

"என்னப்பா, வெள்ளைக்காரரோடை இருந்து இருந்து கையாலை சாப்பிடவும் மறந்துபோச்சோ?" என்று வதனி சிரித்தாள்.

"நகத்திலை மஞ்சள் பிடிக்குது," என்றேன்.

கழுத்தும் நொந்தது. அதைத்தான் வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை. பின்னால் கார் இடித்தது, கழுத்து நோகிறது. இந்த வசனத்தை எத்தனை கல்யாண வீடுகளில் முனகி முனகி நடித்துக் காட்டி ஆட்களைச் சிரிக்க வைத்திருக்கிறேன்! அதே வசனம் என் வாயால் வருவதை நினைக்க வெட்கம் பிடுங்கித் தின்றது. கீறலைப் படம் எடுத்து வைத்திருந்தேன். அடிக்கடி கைப்பேசியில் அதைப் பெரிதாக்கிப் பார்ப்பேன். இந்தக் கீறலுக்கு இந்த நோ வரவே முடியாது என்று, எரிகிற விரலால் அந்தப் படத்தைத் தள்ளித் தள்ளி, நானே முடிவு கட்டினேன்.

குடும்ப வைத்தியர் ஒழுங்காகத்தான் கேட்டார். விழுந்தீர்களா, அடிபட்டதா, கார் விபத்து ஏதாவது? இல்லை என்றேன். பாவம், நான் கொடுத்த கதையை வைத்துத்தானே அவரும் பார்க்க முடியும். நாள் முழுக்கக் கணினியில் தட்டுகிறவனுக்குக் கை விறைத்தால் மணிக்கட்டில் நரம்பு நெரிபடுவதாகத்தான் பெரும்பாலும் இருக்கும் என்று சொல்லி, இரண்டு மணிக்கட்டுக்கும் பட்டை கொடுத்தார். நரம்புச் சோதனைக்கும் எழுதிவிட்டார். நான் சந்தோசமாக வெளியே வந்தேன். மணிக்கட்டு நோய் மரியாதையான நோய். அதைச் சொன்னால் யாரும் சிரிப்பதில்லை.

ஏவன்டேல் ஞாயிறு சந்தையில் கால் விட்டுவிட்டது. வதனி மரவள்ளிக் கிழங்கைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பையோடு ஒரு அடி எடுத்து வைத்தேன்; கால் எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை. கீரைக் கட்டுகளுக்கு மேல் குப்புற விழுந்தேன். கையூன்றி எழும்பப் பார்த்தால் கைகள் யாருடையவோபோல் கிடந்தன. கீரை விற்ற பெண் தன் கீரையைப் பற்றிக் கவலைப்படாமல் மண்டியிட்டு என் தலையை அசையாமல் பிடித்துக்கொண்டாள். அம்புலன்ஸ் வரும்வரை அவள் கையை எடுக்கவில்லை. அவளுடைய முகத்தைக்கூட நான் பார்க்கவில்லை.

அவசரப் பிரிவில் கழுத்தை ஒரு விறைத்த பட்டைக்குள் வைத்து மல்லாக்கப் படுக்க வைத்தார்கள். அப்படிக் கிடப்பவனுக்கு உலகம் என்பது கூரையும், அவ்வப்போது குனிந்து பார்க்கும் முகங்களும்தான். பக்கத்தில் யாரோ இருமினார்கள், ஒரு குழந்தை அழுதது, யாருடைய பெயரையோ கூப்பிட்டார்கள். என் பெயர் வரவேண்டும் என்று ஒரு பக்கம் ஆசை, வரக்கூடாது என்று ஒரு பக்கம் பயம். கடைசியில் ஒரு இளம் மருத்துவர் வந்து என் நடுவிரல் நகத்தைச் சுண்டினார். நான் ஒன்றும் செய்யாமலே பெருவிரல் துள்ளியது. அவர் மறுபடி சுண்டினார். மறுபடி துள்ளியது. அவர் முகம் மாறியது.

"அண்மையில் ஏதாவது விபத்து?" என்று கேட்டார்.

நான் வாய் திறக்குமுன் வதனி முந்திக்கொண்டாள். "நோ டொக்டர், நோ அக்சிடென்ட்," என்றாள். அவ்வளவு உறுதியாக, அவ்வளவு நேர்மையாகச் சொன்னாள். என் பொய்க்கு அவளைச் சாட்சியாக்கிவிட்டு நான் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

எம்.ஆர்.ஐ. என்பது காந்தத்தால் உடம்பின் உள்ளே படம் எடுப்பது. ஒடுக்கமான குழாய்க்குள் தள்ளிவிடுவார்கள். உள்ளே யாரோ தகரத்தில் அடிக்கிறமாதிரிச் சத்தம். படம் வந்தபிறகு அறுவைச் சிகிச்சை நிபுணர் வந்தார், ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண். வதனியும் மகள் ஆரணியும் கட்டிலருகே நின்றார்கள். நிபுணர் படத்தைக் காட்டி நிதானமாக விளக்கினார். மூளையிலிருந்து உடம்புக்குச் செய்தி கொண்டுபோகும் நரம்புக் கற்றைதான் முண்ணாண். அது கழுத்து எலும்புகளுக்குள் ஒரு சுரங்கத்தின் வழியாகப் போகிறது. வயது போகப்போக அந்தச் சுரங்கம் ஒடுங்கும். பலருக்கு அது தெரிவதேயில்லை. எனக்கும் ஒடுங்கியிருந்தது. அங்கே முண்ணாண் நசுங்கி வீங்கியிருந்தது. கைகளுக்கான நரம்புகள் நடுவில் ஓடுவதால் முதலில் கைகள் போகின்றன.

"இது தானாக வந்ததுபோல் இல்லை," என்றார். "தலை சடாரென்று பின்னால் போயிருக்க வேண்டும். அடிபட்டிருந்தால் எலும்புகளைப் பிணைக்கும் நார்களும் கிழிந்திருக்கலாம். அப்படியானால் நான் வேறு விதமாகப் பொருத்த வேண்டும். யோசித்துச் சொல்லுங்கள். இவை உங்கள் கைகள்."

கைகளைப் பார்க்க விரும்பினேன். கழுத்துப் பட்டை விடவில்லை.

"ஒரு கார் பின்னால் வந்து தட்டியது," என்றேன், ஆங்கிலத்தில், மெதுவாக. "ஆனால் பம்பரில் ஒரு கீறல் மட்டும்தான்."

"பம்பரை அடி வாங்குவதற்கென்றே செய்கிறார்கள்," என்றார் அவர். "வாங்கிவிட்டுப் பழையபடி நிமிர்ந்துவிடும். கழுத்தை அப்படிச் செய்யவில்லை."

நாள் தவறாமல் பம்பர் பார்த்தவனுக்கு இதைச் சொல்லித்தர ஆள் வேண்டியிருந்தது. அவர் போனபிறகு ஆரணி, "அப்பா, வை டிடின்ட் யூ டெல் அஸ்?" என்று கேட்டுவிட்டு அழுதாள். வதனி அழவில்லை.

"எனக்கேனப்பா சொல்லேல்லை?"

"வெட்கமாயிருந்தது."

"கார் இடிச்சதுக்கு என்ன வெட்கம்?"

"ரூபனை நான் சொன்னதெல்லாம்..." என்று இழுத்தேன்.

அவளுக்கு விளங்கிவிட்டது. "கை போனாலும் பரவாயில்லை, வாய் குறையக்கூடாது. அப்பிடித்தானே?" என்றாள். அதற்குமேல் அன்று அவள் என்னோடு கதைக்கவில்லை. ஆனால் மாலையில் வீட்டிலிருந்து சோறும் பருப்பும் குழைத்துக் கொண்டுவந்து, சிறு சிறு உருண்டையாக உருட்டி வாயில் வைத்தாள். எதிர்க் கட்டிலில் கால் முறிந்து கிடந்த, தொங்கா தீவைச் சேர்ந்த பெரிய மனிதர் அதைப் பார்த்துவிட்டு மரியாதையாக முகத்தைத் திருப்பிக்கொண்டார். சிறுநீருக்குக் குழாய் போட்டிருந்தார்கள். உடம்பைத் துடைக்க, பல் விளக்க எல்லாவற்றுக்கும் மற்றவர் கை. அந்த வெட்கமெல்லாம் ஒன்றிரண்டு நாளில் பழகிவிட்டது. வதனி ஊட்டிய ஒவ்வொரு வாய்க்கும் வந்த வெட்கம் மட்டும் பழகவேயில்லை.

ஆஸ்பத்திரியில் எங்களுக்குப் பில் என்று எதுவும் வரவில்லை. கார் நிறுத்தும் இடத்துக்கு மட்டும் வதனி தினமும் கட்டினாள். அதைத்தான் நாங்கள் கவலையோடு பேசிக்கொண்டோம். மற்றக் கவலையைப் பேசத் துணிவில்லை. கை திரும்பாவிட்டால் வேலை போகும். மறைத்த விபத்துக்கு அரசாங்கம் சம்பளப் பணம் தருமா என்றும் தெரியாது; பிளாட் புஷ் வீட்டு மோர்ட்கேஜ் என் சம்பளத்தில்தான் நின்றது.

அறுவைக்கு முதல் நாள் ரூபன் அழைத்தான். ஆரணி கைப்பேசியை என் காதருகே பிடித்துக்கொண்டாள். எல்லாம் கேள்விப்பட்டிருந்தான். இனி லோயரைப் பற்றித் தொடங்குவான், நான் நாட்டுச் சட்டத்தை விளக்க வேண்டும் என்று ஆயத்தமாக இருந்தேன்.

"அண்ணை, கை எரியுதோ?" என்று கேட்டான்.

"ஓம்."

"பெட்சீற் பட்டாலும்?"

போர்வையைப் பற்றி நான் வதனிக்குக்கூடச் சொன்னதில்லை. மருத்துவரும் கேட்கவில்லை.

"குளிர்த் தண்ணிக்குள்ளை வைக்காதேங்கோ. முதல் சுகமாயிருக்கும், பேந்து கூட எரியும். மெல்லிசான பருத்திக் கையுறை போட்டுக்கொண்டு படுங்கோ. எனக்கு அது சரிவந்தது."

"உனக்கு உண்மையாவே இருந்ததோடா?"

"முதல் இடி உண்மை அண்ணை. லோயர் இப்பிடிச் சொல்லு, இன்னும் கூடச் சொல்லு எண்டார். சொன்னன். ரெண்டாவது இடி ஒண்டுமில்லை. அதுக்கும் சொன்னன். கடைசியிலை எது என்ர நோ, எது அவர் சொல்லித்தந்த நோ எண்டு எனக்கே பிரிச்சுப் பாக்க ஏலாமப் போச்சு."

"ஏன்ரா ஒருத்தருக்கும் சொல்லேல்லை?"

"ஆருக்கு?" என்றான். கோபமே இல்லாத குரல். "உங்களுக்கோ?"

நர்ஸ் மருந்தோடு வந்தாள். ஆரணி கைப்பேசியை எடுத்துவிட்டாள். மறுநாள் என்னைத் தள்ளிக்கொண்டு போகும்போது சாவைப் பற்றி நினைத்திருக்க வேண்டும். நான் அந்த ஒரு சொல்லைத்தான் நினைத்துக்கொண்டு போனேன்.

கழுத்தின் முன்பக்கமாகத் திறந்து, எலும்புகளுக்கிடையே பிதுங்கி முண்ணாணை நெரித்த குருத்தெலும்புத் தட்டை எடுத்துவிட்டு, எலும்புகளை ஒரு சிறிய உலோகத் தகட்டால் பொருத்தினார்கள். கிழிந்த நாருக்காகக் கூடுதலாகவும் ஏதோ செய்தார்களாம். கேட்டுத் தெரிந்தது நல்லதாகப் போயிற்று என்றார் நிபுணர். குரல் நாண் பக்கத்தில் இருப்பதால் கொஞ்ச நாள் தொண்டை கட்டியிருக்கும் என்றும் சொன்னார். கண் விழித்தபோது கால் விரல்கள் சொன்னபடி அசைந்தன. கைகள் எவ்வளவு திரும்பும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. முன்பே வந்திருந்தால் இன்னும் நம்பிக்கையாகச் சொல்லியிருக்கலாம் என்றார்கள். மெதுவாகத்தான் சொன்னார்கள்.

கோயிலில் கேள்விப்பட்டு தீபா வந்தாள். கணவன் வெளியே நின்றான். அவள் கையில் இட்லி டப்பா. "சார், என்னாலயா?" என்று கேட்டாள்.

இல்லை என்று சொல்ல வாய் உன்னியது. மறுபடியும் ஒரு கும்பிடு கிடைத்திருக்கும். காற்றுக் குரலில், "உங்கட கார் தட்டினதாலை தொடங்கினது பிள்ளை. இவ்வளவுக்கு வந்தது நான் மறைச்சதாலை. இந்த நாட்டிலை ஒருத்தரும் உங்களிலை கேஸ் போட ஏலாது. எனக்கு அது அண்டைக்கே தெரியும்," என்றேன்.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே சார்," என்றாள். "நீங்க மனசு மாறிடுவீங்களோன்னு பயந்து பயந்து நாங்க தூங்கவே இல்ல." இட்லி டப்பாவை மேசையில் வைத்துவிட்டுப் போனாள். கும்பிடவில்லை. அது சரிதான்.

வீட்டுக்கு வந்தபிறகு வதனி மெல்லிய பருத்திக் கையுறை வாங்கி வந்தாள். அவன் சொன்னது சரியாக இருந்தது. போர்வைக்குள் கை வைத்து நித்திரை கொண்டேன். கையுறை போட்ட ஒவ்வொரு இரவும் ரூபனை அழைக்க நினைத்தேன், அழைக்கவில்லை. குரல் சரியாகட்டும் என்று எனக்கு நானே சாட்டுச் சொன்னேன். பிறகு ஒரு காலை, வதனி வேலைக்குப் போனபின், கைப்பேசியை மேசையில் வைத்து மடக்கிய விரலின் மொளியால் அவன் பெயரை அழுத்தினேன்.

"ஹலோ, ஆர்?" என்றான். என் கரகரத்த குரல் அவனுக்கு அடையாளம் தெரியவில்லை.

"நான்தான்ரா, அண்ணன்."

"என்ன அண்ணை, ஏதும் பிரச்சினையோ?"

மன்னிப்புக் கேட்கத்தான் அழைத்தேன். வசனங்களைக்கூட மனதில் கோத்து வைத்திருந்தேன். இத்தனை வருடத்தில் அவன் கழுத்தைப் பற்றி ஆயிரம் சொல்லியிருக்கிறேன், கேட்க வேண்டியதை மட்டும் ஒருநாளும் கேட்டதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

"ரூபன், உனக்குக் கழுத்து இப்பவும் நோகுதோ?"

அந்தப் பக்கத்தில் எதையோ கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"இண்டைக்குக் கொஞ்சம் பரவாயில்லை அண்ணை," என்றான்.